மகளுக்கு வேண்டிய மேல்காற்று

கடலில் பலகை மேல் நின்று அலையேறுவதுதான் என் மகளுக்கு இப்போது உயிர். சென்னையில் வேலை, லீவு கிடைத்தால் கோவளம் கடல். எங்கள் வீட்டில் கிணற்றில்கூட யாரும் நீந்தியதில்லை. விட்டுவிடு என்று போனில் தினமும் நச்சரித்தேன். "ஒரு தடவை வந்து பாரும்மா. அப்பவும் வேணாம்னா விட்டுடுறேன்" என்றாள். சொன்னால் சொன்னபடி செய்கிறவள். முடிவு என் வாயில்தான் இருந்தது.

"வெள்ளிக்கிழமையே வந்துடு, காலைலதான் கடல் நல்லா இருக்கும்" என்று படித்துப் படித்துச் சொன்னாள். கடலுக்கு என்ன காலை, மாலை? நான் சனிக்கிழமை ராகுகாலம் கழிந்த பிறகுதான் பெரம்பலூரில் பஸ் ஏறினேன். போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கடலிலிருந்து காற்று முகத்தில் அடித்தது. உளுந்து தூற்றிப் பழகிய புத்தி எனக்கு. காற்று தள்ளுகிற பக்கம்தானே எல்லாம் போகும்? அலையைக் கரைக்குத் தள்ளுகிறதே என்று, "நல்ல காத்துடி" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அலைகள் பிழிந்த துணி மாதிரி கசங்கிக் கசங்கி வந்தன. ஏறினாள், விழுந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். கரைக்கு வந்ததும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நாளைக்குக் காலைல பாத்துட்டுச் சொல்லும்மா" என்றாள்.

விடிந்ததும் காற்று முதுகில் பட்டது. எங்கள் ஊர்ப் பக்கமிருந்து வரும் மேல்காற்று. அது எதிரே நின்று தாங்குவதால்தான் அலை சட்டென்று சரியாமல் வழவழவென்று எழும்புகிறதாம். தள்ளிவிடுகிற காற்று கெடுதலாம், எதிர்க்கிற காற்று நல்லதாம். என்ன கணக்கோ, எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவள் நின்றாள். கரை வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"இந்தக் காத்து உன்னை உள்ள தள்ளிக்கிட்டுப் போவாதா?" என்று கேட்டேன்.

"போவும். பாத்துதான் இருக்கணும்" என்றாள், பொய் சொல்லாமல்.

அவளைத் தூக்கி நிறுத்துகிற காற்றே அவளை இழுத்துக்கொண்டும் போகும் என்றால் நான் என்னவென்று சொல்வது? சந்தோஷத்தில் சரி என்பதா, பயத்தில் வேண்டாம் என்பதா? அவள் பலகையை மணலில் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லும்மா. விட்டுடவா?"

முதுகில் பட்ட காற்று மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

"காத்து மாறப்போவுது" என்றேன். "அதுக்குள்ள போயிட்டு வா."