மார்லாவுக்குப் பிடித்து வைத்த இடம்

எழுந்ததும் எமில் ஹூதாக் வாசலுக்கு வந்து நாற்காலி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பச்சைப் பட்டை பின்னிய பழைய மடக்கு நாற்காலி. தெருவோரம், ஒரு கார் நிற்கும் இடத்தின் நடுவில். பிட்ஸ்பர்க்கின் மலைத்தெருக்களில் இப்படி ஒரு நாற்காலி கிடந்தால் அங்கே வேறு யாரும் வண்டியை நிறுத்த மாட்டார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் சட்டத்தை மீறுகிறவன்கூட நாற்காலியை நகர்த்த மாட்டான்.

எமிலிடம் கார் கிடையாது. ஆற்றில் நிலக்கரிப் படகுகளைத் தள்ளிச்செல்லும் கப்பலில் கயிறு பிடித்தே காலத்தைக் கழித்தவர் அவர். கண் மங்கியதும் வண்டியை விற்றுவிட்டார். இடம் மகளுக்கு. மனைவி ஐரீன் இறந்த மறு வருடம் மார்லா கைக்குழந்தையோடு வந்தபோது தெருவில் இடமில்லை. அடிவாரத்தில் காரை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தாள். "இங்க வண்டி நிறுத்தவே முடியாதுப்பா" என்று சொல்லி, நின்றபடியே காப்பி குடித்துவிட்டுப் போனவள் பிறகு வரவில்லை. மூன்று மணி நேரத் தொலைவில், கொலம்பஸில்தான் இருக்கிறாள். அவள் போன மறுநாள் நாற்காலி தெருவுக்கு வந்தது.

எதிர்வீட்டு லொரெட்டா, முழங்கால் வலியோடு, அன்றும் அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டுப் பைகளைச் சுமந்து ஏறி வந்தாள்.

"யோவ் எமில், அந்த நாற்காலிக்கு லைசென்ஸ் வாங்கிட்டியா? தெருவுல என்னைவிட சீனியர் ஆயிடுச்சு."

"இன்னிக்கு மட்டும் பொறுத்துக்கோ தாயே. மார்லா வர்றா. எல்லாரும் பேஸ்பால் ஆட்டம் பாத்துட்டு நேரா இங்கதான்."

"அவளே சொன்னாளா?"

"சொல்லணுமா? பொறந்த வீடு."

லொரெட்டா பையைக் கைமாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எமில் முட்டைக்கோஸை வெண்ணெயில் வதக்கி நூடுல்ஸோடு பிரட்டி மூடி வைத்தார். ஐரீன் கடைசி நாட்களில் படுத்திருந்த அறையில் கட்டிலுக்கு துவைத்த விரிப்புப் போட்டார். ஓர் இரவு மகள் அங்கே தூங்கினால் போதும். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

ஆட்ட நாளில் அரங்குக்குப் போகும் மஞ்சள் பாலத்தில் வண்டிகளை விடுவதில்லை. ஊரே நடந்து கடக்கும். எமில் டை கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பாலத்தின் நடுவில் மார்லா நின்றிருந்தாள். பக்கத்தில் கணவன் கிரெக், அவன் தோளில் குழந்தை டெஸ்ஸா.

"என்னப்பா, டை எல்லாம் கட்டிட்டு? யாருக்குக் கல்யாணம்?"

"நம்ம டீம் ஜெயிச்சா அதுவும் கல்யாணம்தான்."

"அப்போ டையை அவுத்துடுங்க."

அந்த அரங்கை அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். எமில் அதை ஆற்றிலிருந்தே பார்த்துப் பழகியவர். கப்பலில் போகும்போது அது ஒரு சுவரும் ஓர் இரைச்சலும்தான். மேல்வரிசையில் உட்கார்ந்து பார்த்தபோது சுவருக்கு அப்பால் ஆறும், அதன் மேல் பாலமும், அக்கரைக் கட்டிடங்களும் வெயிலில் தெரிந்தன. தண்ணீரில் சிலர் சிறு துடுப்புப் படகுகளில் சுவரைத் தாண்டி வரும் பந்துக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் இருக்கும் பக்கம் பந்து வருவது அபூர்வம். அது தெரிந்தும் வந்திருந்தார்கள்.

ஆட்டத்தின் இடைவேளையில் வேடிக்கைக்காகக் கொழுக்கட்டை வேஷம் போட்டவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிய பந்தயத்தில் டெஸ்ஸா பச்சைத் தொப்பிக்காரனுக்குக் கத்தினாள். அவன் இடறி விழுந்தான். அவள் தாத்தாவின் மடியில் புரண்டு சிரித்தாள். மார்லாவும் சிரித்தாள், ஐரீனுடைய சிரிப்பு. எமில் முகத்தைத் திருப்பி ஸ்கோர் பலகையைப் பார்த்தார். டீம் தோற்றது.

பிறகு குழந்தை கேட்டாள் என்று மலையில் ஏறும் இழுவை ரயிலில் போனார்கள். உச்சியில் நின்றபோது மூன்று ஆறுகளும் கூடும் முனை தெரிந்தது.

"நம்ம வீடு எங்கப்பா?" என்று மார்லா கேட்டாள்.

நம்ம வீடு என்று அவள் சொன்னதை எமில் பிடித்துக்கொண்டார். கை நீட்டிக் காட்டினார். தூரத்தில் சரிவில் ஒட்டிய கூரைகள். அவருக்கே எது என்று தெரியவில்லை. அவள் அந்தத் திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டுவதற்கு முன் கிரெக் காரை மலைத்தெருவில் ஏற்றினான். டெஸ்ஸா பின்னால் தூங்கிவிட்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில், தெரு நடுவிலேயே, கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

எமில் இறங்கி நாற்காலியைத் தூக்கி நடைபாதையில் வைத்தார். "வா வா, ரிவர்ஸ் எடு. இடம் இருக்கு. மூணு வருஷமா பிடிச்சு வெச்சிருக்கேன்."

மார்லா கண்ணாடியை இறக்கினாள். "எதுக்குப்பா?"

"நீதானே சொன்னே, நிறுத்த இடமில்லன்னு."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவள் முகம் கோணியது.

"ஐயோ அப்பா... சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இடம் இல்லாததால இல்லப்பா. அந்த ரூம் கதவைப் பாத்தாலே அம்மா மூச்சு வாங்குறது காதுல கேக்குது. என்னால முடியல."

"விரிப்பு மாத்திட்டேன் கண்ணு."

அவள் கையை வெளியே நீட்டி அவருடைய டையைச் சரிசெய்தாள். "நீங்க கொலம்பஸ் வாங்கப்பா. அங்க வந்து இருங்க" என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"பாத்துப் போங்க. பாலத்துல கூட்டமா இருக்கும்."

கார் திருப்பத்தில் மறைந்தது. ஒருவர் வராததற்கு நாம் கண்டுபிடிக்கிற காரணம் பெரும்பாலும் நம்மால் சரிசெய்ய முடிந்ததாகவே இருக்கிறது. எமில் நாற்காலியை மடக்கினார். துருப்பிடித்த கீல் எளிதில் மடங்கவில்லை. காலால் மிதித்து மடக்க வேண்டியிருந்தது.

லொரெட்டா தன் வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"போய் உன் வண்டியை எடுத்துட்டு வா" என்றார்.

"எமில், வேண்டாம்யா. அடுத்த தடவை வருவா."

"எடுத்துட்டு வான்னா வா. முழங்காலை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் ஏறுவே?"

அவள் கொண்டுவந்தாள். எமில் பின்னால் நின்று, ஆற்றில் படகுகளைக் கரை சேர்க்கும் அதே கைச்சைகையில், இன்னும், இன்னும், நில் என்று காட்டினார். கார் அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது.

நாற்காலியை வீட்டுக்குள் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. கக்கத்தில் இடுக்கியபடி நடைபாதையிலேயே நின்றார். உள்ளே முட்டைக்கோஸ் ஆறிக்கொண்டிருந்தது.