வால் ஓரத்து வெள்ளை

2009 ஆனியில், லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக் கூரைக்குள் அணில்கள் புகுந்து மின்கம்பிகளைக் கடித்தன. மகளின் கட்டிலுக்கு மேலே ஒருமுறை தீப்பொறி பறந்தது. அன்றிலிருந்து எனக்கு நித்திரையில்லை. அவற்றைச் சுட வந்தவர் யாழ்ப்பாணத்து மனிதர், மெலிந்தவர். அந்த வெயிலிலும் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார்.

காற்றுத் துப்பாக்கியோடு சமையலறை வாசலில் அமர்ந்தார். தோட்டத்துக் கொட்டிலின் மேல் ஓர் அணில் வந்து குந்தியது. விலாவில் செம்மை படர்ந்திருந்தது. அவர் சுடவில்லை.

“சிவப்பணிலைச் சுடக்கூடாது அக்கா, இங்கை சட்டம். சாம்பல் அணிலும் வெயில் காலத்திலை கொஞ்சம் சிவக்கும். வால் ஓரத்திலை வெள்ளை இருந்தால்தான் சாம்பல். திரும்பட்டும்.”

“எல்லாம் ஒண்டுதானே, சுடுங்கோ!” என்றேன்.

அது திரும்பாமலே ஓடிவிட்டது. அன்று மகளை என் அறையில் படுக்க வைத்தேன்.

மறுநாள் அது வாலைக் காட்டியது. ஒரே வெடியில் விழுந்தது.

“லண்டனிலை சிவப்பணில் இருக்கோ?” என்று கேட்டேன்.

“நான் ஒண்டும் காணேல்லை.”

“பிறகேன் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்?”

“பாக்காமல் சுட்டால் என்ன நடக்குமெண்டு இந்த வருஷம் டிவியிலை பாத்தனாங்கள்தானே.”

அணிலைப் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கு முந்திய மாதம்தான் வன்னிப் போரில் ஷெல் விழுந்து என் தம்பி இறந்திருந்தான். பள்ளிக்கூட வாத்தியார், துவக்கைத் தொட்டே அறியாதவன். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. முதல் நாள் அந்த வாசலில் நின்று “எல்லாம் ஒண்டுதானே” என்று சொன்னது நான்.