தார்க்குச்சி ஓங்கிய கை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அது ஊரறிந்த சங்கதி. அந்தக் கோபத்தை இரண்டரை வயசுப் பெண்ணிடமும் காட்டுவேன் என்றுதான் நான் நினைத்ததில்லை.

மனைவி இரண்டாவது பிள்ளையைப் பெற்று, தீட்டுக் கழியாமல் மூலை அறையில் படுத்திருந்தாள். மூத்தவளைத் தொடக்கூடாது, தூக்கக்கூடாது. அதுவரை அவளை வெளிக்கு இருக்க வைத்ததெல்லாம் தாய்தான். கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களின் மேல் குந்த வைப்பாள். பெற்றவள் உள்ளே போனதும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. பிள்ளை நின்ற இடத்திலேயே இருந்துவிடுவாள்.

அன்று களத்தில் சோளம் தூற்றி, அம்பாரம் குவித்து, உச்சியில் சாணிப் பிள்ளையார் வைத்துவிட்டுத் திரும்புகிறேன். செருப்புக் காலோடு யாரும் மிதிக்காத களம் அது. இவள் அம்பாரத்தின் மேலேயே குந்தி, காரியத்தை முடித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சனியனே!" என்று மாடு ஓட்டும் தார்க்குச்சியை ஓங்கிக்கொண்டு ஓடினேன். அடிக்கவில்லை. ஆனால் அவள் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து அடக்கிக்கொண்டாள். இரண்டு நாள் போனது, நாலு நாள் போனது. வயிறு கல்லாகிவிட்டது, சோறு இறங்கவில்லை. முட்டிக்கொண்டு வரும்போது கதவு மூலையில் போய்க் காலைப் பின்னிக்கொண்டு நடுங்குவாள். விளக்கெண்ணெய் கொடுத்தால் துப்பினாள். அடுத்த தோட்டத்தில் வாக்கப்பட்டிருந்த என் அக்கா வந்து, வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைத்துப் பார்த்தாள். பிள்ளை அலறியதுதான் மிச்சம்.

"பச்சப் புள்ளகிட்டயாடா உன்ற வீரம்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க!" என்றாள் அக்கா.

அறைக்குள்ளிருந்து மனைவி அழுதாள். "ஏனுங்க, உங்க காலு மேல உக்கார வெச்சுப் பாருங்க. எம்புள்ளைக்கு என்னமோ ஆயிருமாட்ட இருக்குதுங்க."

ஐந்தாம் நாள் காலையில் புறக்கடையில் கால் நீட்டி உட்கார்ந்தேன். ஏர் ஓட்டி வெடித்த பாதம். அதன் மேல் குந்த வைத்தால் கட்டையாக விறைத்தாள். எத்தனையோ முரட்டு எருதுகளைப் பழக்கியிருக்கிறேன். இந்தப் பிடி உடம்பை இளக்க எனக்கு வழி தெரியவில்லை. வாய்விட்டு அழுதுவிட்டேன்.

"சாமி, கண்ணு, அப்பன் ஒண்ணும் பண்ண மாட்டேன். இருந்துரு சாமி."

அவள் என் கன்னத்து ஈரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் முழங்காலை இறுகப் பிடித்தாள். முக்கினாள், கத்தினாள், மறுபடி முக்கினாள். என் பாதமெல்லாம் சூடு பரவியது.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று அறைப் பக்கம் பார்த்துக் கூவினேன்.

அவள் குனிந்து கீழே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாரித் தூக்கலாமென்று நான் கையை உயர்த்தினேன். அவள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.