டிக்கி நிறையச் சாமான்

காலை ஐந்து நாற்பத்தைந்து. வாசற்கதவைத் திறந்ததும் முதலில் கண்டது என் காரின் பொனட்டில் நரியின் கால்தடங்கள். மாவைப்போலப் படிந்திருந்த உறைபனியின் மேல் அவை விளக்குக் கம்பத்தின் பக்கமாக ஏறி, முன்கண்ணாடிவரை வந்து, திரும்பி, வலது சில்லின் மேலாக இறங்கியிருந்தன. நரியைக் காணவில்லை. தென் லண்டனில், ஸ்ட்ரெதமில் அந்தத் தெருவில் அந்த நேரத்தில் வெளியே நின்றது நான் மட்டும்தான்.

2009, கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை. வடக்கே நாலு மணி நேரத்துக்கு மேல் காரோட்டி லீட்ஸுக்குப் போய் மகளைக் கூட்டிவர வேண்டும். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுடைய தாயும் நானும் பிரிந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. விடுமுறையின் முதல் நான்கு நாட்கள் என்னுடன் லண்டனில் இருப்பாள். புதன்கிழமை தாய் ஹீத்ரோவுக்கு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு கனடாவுக்குப் பறப்பார். அந்த நான்கு நாட்கள் தவறினால் ஜனவரி நடுப்பகுதிவரை அவளைப் பார்க்க முடியாது. ரயிலில் அந்தச் சனிக்கிழமைக்கு இருக்கை ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

வியாழக்கிழமை மகளின் தாய் போன் எடுத்திருந்தார்.

"இன்னும் பனி கொட்டுமாம். பெப்ரவரி மாதிரி நடுறோட்டில நிக்கப் போறியளோ?"

பெப்ரவரியில் லண்டனில் பஸ்களே ஓடாத அந்த நாளில், வேலை முடிந்து வரும் வழியில் நான் காருக்குள் ஐந்து மணி நேரம் சிக்கியிருந்தேன். ஒரு வேடிக்கைக் கதையாக அதை மகளுக்குச் சொன்னேன். அவள் தாய்க்குச் சொல்லியிருக்கிறாள்.

"இந்த முறை எல்லாம் வைச்சிருக்கிறன்" என்றேன்.

"என்னென்ன?"

"தேவையான எல்லாம்."

"வாங்கோ. டிக்கியைப் பாத்திட்டுத்தான் நான் பிள்ளையை விடுவன்."

அந்த நிமிடம் டிக்கியில் இருந்தது கம்பி உடைந்த ஒரு குடை.

மறுநாள் டூட்டிங்கில் எனக்குப் பழக்கமான பலசரக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைவிட இளையவர். நோர்வேயில் பதினொரு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். குளிரைப் பற்றி யார் பேசினாலும் அதைத் தன் சொந்தச் சொத்தாக எடுத்துக்கொள்வார்.

"மண் அள்ளுற சவள் ஒண்டு இருக்கோ தம்பி?"

"என்ன அண்ணை, ஆரைப் புதைக்கப் போறியள்?"

"பனிக்கு. லீட்ஸ் போறன்."

"இதெல்லாம் ஒரு பனியோ? நோர்வேயில இதுக்கு நாங்கள் யன்னலே பூட்டுறேல்லை."

ஆனாலும் பின்னுக்குப் போய், கட்டைப் பிடி போட்ட சவள் ஒன்றும், கார் நின்றுவிட்டால் பின்னால் வைக்கும் சிவப்பு முக்கோணம் ஒன்றும், வெற்று அரிசிச் சாக்கு இரண்டும் கொண்டுவந்தார்.

"சில்லு சும்மா சுத்திச்செண்டா இதைக் கீழ போடுங்கோ. சம்பாச் சாக்கு நல்லாப் பிடிக்கும். பாஸ்மதி வழுக்கும்."

"இது ஆர் கண்டுபிடிச்சது?"

"அனுபவம் அண்ணை."

வாசலுக்கு வந்த பிறகு திரும்பக் கூப்பிட்டு ஒரு பாக்கெட் முறுக்கை நீட்டினார். "இது அக்காவுக்கு. பிள்ளையையும் கேட்டதாச் சொல்லுங்கோ. பாவம், வேலைக்காக அங்க தனியக் கிடக்கிறா."

டூட்டிங்கில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்: மனைவிக்கு லீட்ஸில் நல்ல வேலை, அதனால் குடும்பம் அங்கே. அப்படி நான் யாருக்கும் சொல்லவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள், நான் திருத்தவில்லை. முறுக்கை வாங்கிக்கொண்டேன்.

வெள்ளி மாலை எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்தேன். சவள், முக்கோணம், சாக்குகள், டோர்ச், பற்றரிக் கம்பிகள், கண்ணாடி சுரண்டும் பிளாஸ்டிக் தகடு, போன் சார்ஜர். கம்பளிப் போர்வை. பனியில் இறங்கி நடக்க முழங்கால்வரை வரும் சப்பாத்து. காரமான மிக்சர். தண்ணீர்ப் போத்தல், உறைந்தால் வெடிக்காமல் முக்கால்வாசி மட்டும் நிரப்பியது. காலையில் தேத்தண்ணி ஊற்ற பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். டிக்கியில் கனமானவை அடியில், அவசரத்துக்கு வேண்டியவை மேலே. பத்திரிகையின் முதற்பக்கம் அமைப்பதைப்போல இரண்டு முறை மாற்றி வைத்தேன். திருப்தியாக இருந்தது. பின் இருக்கையில் மகளை உயர்த்தி உட்காரவைக்கும் சிறுவர் இருக்கை அவள் வராத வாரங்களிலும் கட்டியபடியே இருக்கும். அதையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

நெடுஞ்சாலை ஓரங்களில் முந்தைய நாட்களில் விழுந்த பனி கறுத்துக் கிடந்தது. லெஸ்டர் தாண்டியதும் விடிந்தது. நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் பத்து நிமிடம் நின்றேன். பத்தரைக்கு லீட்ஸில் அவர்களுடைய வீட்டு வாசலில் இருந்தேன். மகள் கோட், தொப்பி, கையுறை எல்லாம் போட்டு, முதுகுப் பையுடன் படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருக்கச் சொல்லியும் கேட்கவில்லையாம்.

தாய் செருப்புடன் வெளியே வந்தார். நான் டிக்கியைத் திறந்தேன். அவர் ஒன்றையும் கலைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். முறுக்குப் பாக்கெட்டை எடுத்தார்.

"இது?"

"டூட்டிங் கடைத் தம்பி தந்தவர். உமக்கு."

"இன்னும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

பாக்கெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போர்வையின் மடிப்பை விரல்களால் எண்ணினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எல்லாம் இருக்கு. ஆனா இது ஒராளின்ர சாமான்."

நான் பார்த்தேன். ஒரு போர்வை. ஒரு சோடி சப்பாத்து, என் அளவில். பிளாஸ்க் மூடி ஒன்றுதான் கோப்பை. உள்ளே சீனி போடாத தேத்தண்ணி, நான் குடிப்பதுபோல. மகள் தொடமாட்டாத காரம். இருபது வருடம் பத்திரிகையில் பிழை பார்த்தவன் நான். கட்டிலில் பரப்பி வைத்தபோதும் அது கண்ணில் படவில்லை.

"நான் என்ர ஜாக்கெட்டை அவளுக்குக் குடுப்பன்."

"தெரியும்" என்றார். "குடுத்திட்டு நீங்கள் விறைச்சுப்போய் இருந்தா, ஆர் கார் ஓடுறது?"

"கடையில இன்னொரு போர்வை வாங்கலாம்."

"போர்வை என்னட்டையும் கிடக்கு. அதில்லைப் பிரச்சினை." வானத்தைப் பார்த்தார். அது ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. "செவ்வாய்வரைக்கும் பனி எண்டு சொல்லுறாங்கள். இண்டைக்கு வேண்டாம்."

சண்டை பிடிப்பார் என்று நினைத்துத்தான் வழி முழுவதும் பதில்களைத் தயார் செய்திருந்தேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. அந்தப் பதில்கள் ஒன்றுக்கும் உதவவில்லை.

மகள் படியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். எழுந்து வந்து டிக்கிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, கேன் வீ ப்ரிட்டெண்ட் வீ ஆர் ஸ்டக்? பனியில சிக்கின மாதிரி விளையாடலாமா?"

தாய் என்னைப் பார்த்தார். "அரை மணித்தியாலம். எஞ்சினைப் போட்டு ஹீட்டரைப் போடுங்கோ" என்றுவிட்டு உள்ளே போனார்.

அவர்களுடைய வீட்டு வாசலிலேயே நாங்கள் பனியில் சிக்கினோம். மகள் முக்கோணத்தை நடைபாதையில் வைத்துவிட்டு ஓடிவந்து முன் இருக்கையில் ஏறிப் போர்வைக்குள் நுழைந்தாள். டோர்ச்சை அடித்து அடித்துக் காட்டினாள். நாயுடன் போன ஒரு கிழவர் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அவளே கையசைத்தாள். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். மிக்சரில் கச்சான் கடலையை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டு, நாக்கை வெளியே நீட்டிக் கையால் விசிறினாள்.

"அப்பா, பெப்ரவரியில நீங்க தனியாத்தானே ஸ்டக்?"

"ஓம்."

"அஞ்சு மணித்தியாலமும் என்ன செஞ்சீங்க?"

"ரேடியோ கேட்டன்."

"வேற?"

"முன்னுக்கு நிண்ட காரின்ர நம்பரைப் பாடமாக்கினன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தெருவில் நின்ற கார்களின் நம்பர்களைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். நாலாவது காரை வாசிக்கும்போது தாய் வீட்டுக் கதவைத் திறந்தார்.

போர்வையை அவளே மடித்தாள். முனைகள் சேரவில்லை. அப்படியே டிக்கியில் வைத்தேன். தாய் வாசலில் நின்று, போய்ச் சேர்ந்ததும் போன் எடுக்கச் சொன்னார். மகள் முதுகுப் பையைக் கழற்றாமல் தெருமுனைவரை காருக்குப் பக்கத்தில் நடைபாதையில் ஓடிவந்தாள்.

தெற்கே வரும் வழியில் உப்புத் தூவும் லொறிகள் மூன்றைக் கண்டேன். மாலை நாலரைக்கு ஸ்ட்ரெதமில் காரை நிறுத்தினேன். லீட்ஸிலிருந்து லண்டன்வரை எங்கும் பனி விழவில்லை.