கச்சேரி எந்த ஊரில்?

ஒஸ்லோவில் என் பேச்சைக் கேட்டதும் நம் இலங்கைத் தமிழ் ஆட்கள் முதலில் கேட்பது, "நீங்கள் இந்தியாவோ?" என்றுதான். இல்லை, இலங்கை, மலையகம் என்பேன். "ஓ, அங்காலையோ," என்று இழுத்துவிட்டுக் கதையை மட்டக்களப்புக்குத் திருப்பிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நகரத்தில் என் தமிழை என்னைப் போலவே பேசிய ஒரே மனுஷி ஒரு சிங்களப் பெண். எங்கள் பக்கத்து ஊர்க்காரி; தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, பாண் விற்ற பேக்கரிக்காரரின் மகள். நோர்வேஜிய மொழி வகுப்பில் பழக்கமானோம். நான் அவளை அக்கே என்பேன், அவள் என்னை நங்கி என்பாள். சிங்களத்தில் அக்காவும் தங்கையும்.

அது நோர்வே நடுவில் நின்று இலங்கை யுத்தத்துக்குச் சமாதானப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த காலம். ஊரில், எங்கள் மலைக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்று ஒரு போராட்டம் கிளம்பியிருந்தது. தோட்டத்துத் தமிழர், கிராமத்துச் சிங்களவர், கடைவீதி முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே கமிட்டியில். எதிலும் ஒத்துப்போகாதவர்களை ஒன்று சேர்த்தது பஸ் பயணம்தான். எந்தக் காகிதத்துக்கும் கீழே சமவெளியில் இருக்கும் மாவட்ட அலுவலகத்துக்கு, அதாவது கச்சேரிக்கு, இறங்க வேண்டும். குடலைப் பிடுங்கும் வளைவுகள். என் அம்மா பிறந்ததைத் தோட்டத்தில் யாரும் பதிந்துவைக்கவில்லை. பிறப்புப் பதிவு இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாததால் சோதனைச் சாவடியைக் கண்டாலே முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்வாள். பிறப்பைப் பதிய வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கிப் போவாள். அன்றைக்கென்று அதிகாரி லீவில் இருப்பார்.

"நீ ஒஸ்லோவுலதானே இருக்க? சமாதானம் பேசுறவங்களும் அங்கதானே இருக்காங்க? ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிருமே," என்றாள் அம்மா தொலைபேசியில். ஊரில் அக்கேயின் வீட்டிலிருந்தும் அதே பாட்டு. நானோ முதியோர் இல்லத்தில் தட்டுக் கழுவுகிறவள். நோர்வேயை ஆள்வதே நாங்கள்தான் என்று மலை முழுக்க நம்பியது.

நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் அக்கேயின் வீட்டில் கூடினோம். மூன்றாவது ஆள் டாக்ஸி ஓட்டும் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம், எங்கள் மலையிலேயே இன்னொரு ஊர்க்காரர். அவருடைய வண்டியில் ஏறிய ஒரு நோர்வேஜிய அரசியல்வாதி, வாருங்கள், பேசலாம் என்று சொல்லியிருந்தார். மீன் வைத்துச் சுட்ட மாலு பாணும் பால் சேர்க்காத சாயத் தண்ணியுமாக எங்கள் ஒத்திகை நடந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான கமிட்டியை நான் பார்த்ததில்லை.

அந்த அரசியல்வாதி தன் அலுவலகத்தில் கம்பளிச் சட்டையோடு, பொறுமையாகக் கேட்டார். என் அம்மாவின் கதையைச் சொன்னது அக்கேதான். நான் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சாதாரணமாக ஒன்று கேட்டார்: "அந்த மாவட்டத்தின் தலைநகர் எது?"

மூன்று பேரும் ஒரே மூச்சில் மூன்று ஊர்ப் பெயர்களைச் சொன்னோம். அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் அக்கேதான் ஆரம்பித்தாள். "ஒங்க ஊர்ல மழ பேஞ்சா ரோடே இருக்காது நங்கி. அங்க எப்படிக் கச்சேரி வைக்கிறது?"

"ஒங்க ஊர்ல வச்சா மட்டும் தோட்டத்து ஆளுகளுக்கு ஒக்கார நாற்காலி குடுப்பாங்களா?" என்றேன்.

அக்கேயின் முகம் சுண்டிப்போயிற்று. "இன்னம் மாவட்டமே வரல்லயே," என்றார் நானா. அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்காமலே இறங்கிப் போனோம்.

கொஞ்ச நாளில் ஊரிலிருந்தும் செய்தி வந்தது. அங்கேயும் இதே கேள்வியில் கமிட்டி உடைந்து, ஊருக்கொன்றாகி இருந்தது. மந்திரி எல்லாரையும் தனித்தனியாக வரவேற்று, தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தாராம். அதற்குப் பிறகுதான் யுத்தம் மறுபடி தொடங்கியது. அக்கேயும் நானும் பேசிக்கொள்ளாததைப் பார்த்தவர்கள், யுத்தம் பிரித்துவிட்டது என்று நினைத்தார்கள். அப்படியே இருக்கட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். இல்லாத கச்சேரிக்காகச் சண்டை போட்டோம் என்று எந்த வாயால் சொல்வது? அக்கே புருஷனுடைய வேலையோடு வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் போய்விட்டாள். அவள் போனதே எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒருநாள் அம்மா தொலைபேசியில் அப்படிச் சிரித்தாள். கீழே கச்சேரிக்குப் போய் ஒருவழியாகத் தன் பிறப்பைப் பதிந்துவிட்டு வந்திருந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் ஒரு சிங்களப் பெண்; அக்கேயின் ஊர்க்காரி; அவளும் கச்சேரிக்குத்தான்.

"ரெண்டு பேரும் மாறி மாறி வாந்தி. அவ தலைய நான் புடிக்க, என் தலைய அவ புடிக்க. கடைசில அவ வாந்திக்கு மோந்து பாக்க வச்சிருந்த தேசிக்காய வெட்டிப் பாதி குடுத்தா. ஒங்க ஊர்ல கச்சேரி வந்திருந்தாலும் நான் நடந்தே வந்திருப்பேன்னு சொன்னா. நானும் அதத்தான் சொன்னேன்."

போனை வைத்ததும் அக்கேயின் எண்ணை அழுத்தினேன். இந்தக் கதைக்கு வயிறு வலிக்கச் சிரிக்கவும் பிறகு அழவும் இந்த நாட்டில் எனக்கு அவளை விட்டால் ஆளில்லை. எடுத்தது ஒரு நோர்வேஜியக் கிழவர். இந்த எண் இப்போது தன்னுடையது என்றார்.