பதினேழு இஞ்ச் திரையில் நாலு இஞ்ச் பார்டர்

சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, அந்தக் கம்ப்யூட்டரைத் தறி ஓடுகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது.

நான் படித்தது ஆறாவது வரைக்கும். அம்மாபேட்டையில் ஒரு டிசைன் சென்டரில் இருபது வருசம் சம்பளத்துக்கு மாங்காயும் மயிலும் போட்டேன். அதை மூடிவிட்டார்கள். சரி, சொந்தமாகச் செய்வோம் என்று வீட்டு மாடியில் கம்ப்யூட்டரை வைத்து உட்கார்ந்தேன். ஒரு தறிக்காரரும் படியேறி வரவில்லை. "தறியை உட்டுப்போட்டு எப்படிங்க வாரது?" என்றார்கள். அப்படியானால் நானே வருகிறேன் என்று அந்தக் கம்ப்யூட்டரை விற்றுவிட்டுப் பதினேழு இஞ்ச் லேப்டாப் வாங்கினேன். சின்னதாக வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் ஒரு முந்தி முழுசையும் அதில் திறந்து பார்க்கட்டும். பெட்டிக்கு மூச்சு முட்டும், நமக்குக் கண்ணைக் கட்டும்.

என் வீட்டுக்காரர் ஆறு மாசம் கெடு வைத்தார். அதற்குள் ஒரு தறிக்கூடமாவது நிலையாகக் கிடைக்காவிட்டால், நான் நூல் மில்லுக்கு ஷிப்ட் வேலைக்குப் போக வேண்டும். மில்லுக்குப் போவதில்லை என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன். பெரிய லேப்டாப் சுமக்கிற தோள்காரர்களே, மீதியை நீங்கள்தான் கேட்க வேண்டும். மற்றவர்களுக்குப் புரியாது.

பஸ்ஸில்

பெட்டி மூன்றரைக் கிலோ. அதன் சார்ஜர் ஒரு செங்கல். ராசிபுரம் பஸ்ஸில் மேலே வைத்தால் விழுமோ என்று பயம், கீழே வைத்தால் மிதிப்பார்களோ என்று பயம். மடியிலேயே வைத்துக்கொள்வேன். பைக்கு மேலே என் முகம் மட்டும் தெரியும்.

ஒருநாள் கண்டக்டர் நின்று பார்த்தார். "என்னங்கம்மா, தையல் மிஷினா? லக்கேஜ் போடணுமுங்க" என்றார். ஜிப்பைத் திறந்து காட்டி, "லேப்டாப்புங்க சாமி, மடியில வெச்சு வேலை செய்யறது" என்றேன். சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "மடியில வெக்கறதுங்கறீங்க. பாத்தா அது மடியில நீங்க உக்காந்தாப்பல இருக்குதுங்களே!"

கரண்ட் போனபோது

ராசிபுரத்தில் குழந்தைவேலு என்று ஒருவர். எட்டுத் தறி வைத்திருக்கிறார். முதலில் ஒரே ஒரு தறிக்கு டிசைன் கேட்டார். அவர் கூடத்தில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன், கரண்ட் போய்விட்டது. எட்டுத் தறியும் ஒரேயடியாக அடங்க, காது 'ங்ஙொய்' என்றது. தறி ஓட்டுகிறவர்கள் டீ குடிக்கப் போனார்கள். "எனக்கென்னங்க, பேட்டரி இருக்குது" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

சினிமா பார்க்கிறவர்களுக்கு நாலு மணி நேரம் வருகிற பேட்டரி, டிசைன் போடுகிறவளுக்கு அரை மணி நேரம்கூட வராது என்று கடைக்காரர் சொல்லவில்லை. பாதி மயிலில் திரை இருண்டது. சேவ் செய்யாத மயில், போனது போனதுதான். கரண்ட் வந்ததும் முதல் இறகிலிருந்து மறுபடி போட்டேன், எழுந்திருக்கவே இல்லை. குழந்தைவேலு பக்கத்தில் வந்து சொன்னார்: "எங்க தறி கரண்ட் போனதும் நின்னுபோச்சுங்க்கா. உங்கது அரை மணி யோசிச்சுட்டு நிக்குது, அவ்வளவுதானுங்க வித்தியாசம்."

ஜரிகை

குழந்தைவேலு சம்சாரம் ராசாத்திதான் அந்த வீட்டில் நிறம் தேர்ந்தெடுப்பவர். திரையில் அரக்கு உடம்பு, பச்சை பார்டர், ஜரிகை மயில் எல்லாம் வைத்துக் காட்டினேன். கடைக்குப் போனால் சேலைத் தலைப்பைப் பிடிப்பார்களே, அதேபோலக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் திரை ஓரத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். அப்போதுதான் தலைக்கு எண்ணெய் வைத்த கை. மயிலின் கழுத்து முழுக்கப் பளபளப்பு. நான் முந்தானையால் துடைக்கத் துடைக்க, அவர் தீர்ப்புச் சொன்னார்: "மினுக்கம் நல்லாத்தான் இருக்குதுங்க்கா. ஆனா ஜரிகைன்னா கையில சொரசொரன்னு இருக்கோணுமே, இது வழுக்குதே!"

வீட்டு மேசை

அஞ்சு மாசம் ஓடியது. அங்கே ஒரு புட்டாப் பூ, இங்கே ஒரு முந்தி என்று உதிரி வேலைதான் வந்தது. வீட்டில் இருக்கிற நாளெல்லாம் பெட்டியை ப்ளக்கிலிருந்து பிடுங்குவதே இல்லை. மவுஸ் ஒரு பக்கம், தனி கீபோர்டு ஒரு பக்கம், சூடு தணிய அடியில் ரெண்டு மரக்கட்டை. ரைஸ்மில் மாதிரி இரைச்சல் வேறு. வீட்டுக்காரர் டீ டம்ளர் வைக்க இடம் தேடிவிட்டுச் சொன்னார்: "மேசையில இருந்ததை வித்து இதை வாங்கின, இதுவும் மேசையிலயே குடியேறிடுச்சு. மில்லுல ஆள் எடுக்கறாங்களாம், விசாரிச்சுட்டு வந்துட்டேன்."

டேப்

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது குழந்தைவேலு கூப்பிட்டார். கல்யாணச் சேலை ஆர்டர், பார்டர் நாலு இஞ்ச் இருக்க வேண்டும். இது நன்றாக வந்தால் எட்டுத் தறியும் எனக்கே என்றார். ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று ரெண்டு இஞ்சில் ஒன்று, நாலு இஞ்சில் ஒன்று போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இழை தெரிவதற்காக ரெண்டு இஞ்ச் பார்டரைத் திரையில் இரட்டிப்பாகப் பெரிசாக்கி வைத்திருந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துத் திரைமேலேயே வைத்து அளந்தார். "நாலு இஞ்ச், கரெக்டுங்க. இதையே குடுங்க" என்றார். நானும் பேச்சு மும்முரத்தில், திரையில் இருந்ததையே, தறியில் செருகுகிற பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். இருபது வருச அனுபவம், டீ வந்ததும் டம்ளரோடு போய்விட்டது.

மறுநாள் போன் வந்தது. முக்கால் கஜம் ஓடிவிட்டது. ரெண்டு இஞ்சுக்குப் பூ, மீதி ரெண்டு இஞ்ச் வெறும் துணி. குழந்தைவேலு கத்தாமல் கேட்டார்: "அக்கா, டேப்புல பாத்தேன், கண்ணாடி போட்டுப் பாத்தேன், நாலு இஞ்ச் இருந்துச்சு. தறிக்கு மட்டும் ஏனுங்க தெரியல?"

முதல் பஸ்

அவர் வா என்று சொல்லவில்லை. நான் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். "தப்பு என்னுதுங்க சாமி. பெரிசு பண்ணிக் காட்டினதைச் சொல்லியிருக்கோணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கையில் ஒரு இரும்பு ஸ்கேல் கொண்டுபோயிருந்தேன். திரையில் ஒரு இஞ்ச், ஸ்கேலில் ஒரு இஞ்ச், ரெண்டும் சரியாக நிற்கிற வரைக்கும் பெரிசு சிறிசு பண்ணினேன். பிறகு காகித அளவு டேப் ஒன்றை வெட்டித் திரைக்குக் கீழே ஒட்டினேன். ராசாத்தியிடம் ஒரு பழைய சேலை வாங்கி, அதன் பார்டரைத் திரைமேலேயே விரித்தேன். துணி நாலு இஞ்ச், படமும் நாலு இஞ்ச். இதற்குச் சின்னத் திரை போதாது, ஐயா.

பதினொரு மணிக்கு அந்த நாலு இஞ்ச் டிசைனில் தறி ஓடியது. நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் பக்கத்தில் நின்றேன். ஒரு சாண் வளர்ந்ததும் குழந்தைவேலு தறியை நிறுத்தி, மூன்று இடத்தில் அளந்தார். பிறகு என் லேப்டாப்பைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டவில்லை. "எட்டுத் தறிக்கும் இனி நீங்களே போடுங்க்கா. ஆனா நீங்க ஒட்டுன டேப்பை எங்க டேப்பு வெச்சு ஒருக்கா அளந்துக்கறேன், கோவிச்சுக்காதீங்க."

பெரிய திரை வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நம்முடைய தப்பும் அதில் பெரிசாகத்தான் தெரியும், அதைத் திருத்தப் போகிற அன்றைக்கும் பெட்டியை நாம்தான் சுமக்க வேண்டும்.