தமிழ்மொழி ரெண்டாந்தடவை எழுதிய பரீட்சை

தமிழ்மொழி வாய் திறந்து பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினாள். தலையாட்டினதைப் பொய்யில் சேர்க்கலாமா கூடாதா என்று நாற்பது நாள் தனக்குள்ளேயே வழக்காடிப் பார்த்தாள். சேர்க்கத்தான் வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் தீர்ப்பு வந்தது. அந்த நாற்பது நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்தது என்னவென்று முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். சின்னசேலத்துக்கு நாலு கிலோமீட்டரில் ஒரு ஊர். அங்கே ஒரு தொகுப்பு வீட்டில் ரங்கம்மாளும் அவள் ஒரே மகள் தமிழ்மொழியும். புருஷன் பிச்சைமுத்து போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. ரங்கம்மாள் நடவு, களை, மரவள்ளி பிடுங்கறது, கரும்பு வெட்டு என்று யார் கூப்பிட்டாலும் எந்தக் காட்டுக்கும் போவாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள். எங்கே போனாலும் கட்டைவிரல் ரேகைதான். மகள் மட்டும் கள்ளக்குறிச்சி காலேஜில் கம்ப்யூட்டர் படித்தாள். படித்த படிப்புக்கு ரெண்டு வருஷம் ஜவுளிக்கடையில் பில் போட்டதுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு கதவு திறந்தது. ஆபீஸ் ஆபீஸாகப் போய் நெட்வொர்க் போட்டுத் தருகிற சேலத்துக் கம்பெனி ஒன்று இவளைக் கூப்பிட்டுப் பேசியது. பேச்சு பிடித்துப்போச்சு. ஆரம்ப நிலை நெட்வொர்க் பரீட்சை ஒன்று இருக்கிறது, அதைப் பாஸ் பண்ணிச் சான்றிதழோடு வா, மூன்று மாசம் இடத்தை வைத்திருக்கிறோம் என்றார்கள்.

இன்னொரு பக்கம் ரங்கம்மாளின் அண்ணன் வீரமணி. கல்வராயன் மலைமேல் கரியாலூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அருவி பார்க்க வருகிற கூட்டத்துக்கு மீன் வறுத்துக் கொடுக்கிற கடை. மகன் சிவசங்கருக்கு முறைப்பொண்ணு தமிழ்மொழிதான் என்று அவள் பிறந்த அன்றைக்கே பேசிவைத்தது. சிவசங்கர் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான். ஆனால் அவனைக் கட்டினால் அவளும் ஆயுசுக்கும் அந்த அடுப்புக்கு முன்னால்தான். "பரீட்சையில தவறிட்டா கூட்டிக்கினு போண்ணே, நான் ஒரு வார்த்த பேச மாட்டன்" என்று ரங்கம்மாள் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஊருக்கு வடக்கே நிமிர்ந்து பார்த்தால் அந்த மலைதான் தெரியும். தமிழ்மொழி வடக்கே பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

முதல் பரீட்சையை வீட்டிலேயே கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதலாம் என்றார்கள். காலேஜ் சிநேகிதி எழில்மதியிடம் லேப்டாப் இரவல் வாங்கினாள். ரங்கம்மாள் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வாசலில் காவல் இருந்தாள். கோழியை விரட்டினாள், பக்கத்து வீட்டு டிவியை அமத்தச் சொல்லிச் சண்டை பிடித்தாள். உள்ளே மகளுக்கு நாலாவது கேள்வியிலேயே ஸ்கிரீனில் எச்சரிக்கை வந்தது. எந்த ஊரிலோ உட்கார்ந்து கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தவன், உதட்டை அசைக்காதே என்று எழுதியிருந்தான். இவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. உதடு அசையாமல் எப்படிப் படிப்பது? ஒண்ணாங்கிளாசிலிருந்து சத்தம் போட்டுப் படி, சத்தம் போட்டுப் படி என்று பிரம்பைத் தட்டித் தட்டி வளர்த்தார்கள். வாய்தான் அவளுக்குக் கண். காலேஜ் முடிகிற வரைக்கும் ஒரு வரியைக்கூட வாயை மூடிக்கொண்டு படித்ததில்லை.

சரி, வாயை மூடிக்கொண்டாள். கணக்குக் கேள்வி வந்தது. கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய்க் கட்டைவிரலால் விரல்கணுவைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு. கையை மேலே வை, அடுத்த தடவை பரீட்சையை நிறுத்திவிடுவேன் என்று மறுபடியும் எச்சரிக்கை. அவ்வளவுதான். வாயும் போச்சு, கையும் போச்சு, மிச்ச நேரம் எதிரே ஓடினதெல்லாம் வெறும் எழுத்து. ஆயிரத்துக்கு எழுநூறு வேண்டிய இடத்தில் அறுநூற்றுப் பத்து.

கதவைத் திறந்தால் எதிரே அம்மா. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, "பாஸாடி?" என்றாள். அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லத் தெம்பு வரவில்லை, தலை தானாக ஆடிவிட்டது.

ஆடின தலையை அப்போதே நிறுத்தியிருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீரமணி பூ, பழத்தோடு மலையிறங்கி வந்தபோதாவது நிறுத்தியிருக்கலாம். ரங்கம்மாள் பாயைக்கூட விரிக்கவில்லை. "எம்பொண்ணு பாஸாயிட்டாண்ணே. வேலைக்கிப் போறா. இப்ப கல்யாணம் வாணாம்" என்றாள். "வேலைக்கிப் போற பொண்ணுக்கு எம்மவன் எளக்காரமா பூட்டானா?" என்று அவர் கேட்க, இவள் ஒன்று சொல்ல, அவர் ரெண்டு சொல்ல, கடைசியில் உன் வாசப்படி இனிமே மிதிக்க மாட்டேன் என்று பழத்தட்டைத் திண்டுமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். ரங்கம்மாளுக்கு இந்த உலகத்தில் கூடப்பிறந்தது அவர் ஒருத்தர்தான். ராத்திரி முழுக்க மூக்கைச் சிந்தினாள். ஆனாலும் காலையில் எழுந்து, "போனா போவட்டும், எம்பொண்ணு பாஸாயிட்டா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கினு களைவெட்டப் போனாள்.

இனி பாஸாகியே தீரணும். தவறினால் அம்மா தன் காலில் நடந்து மலையேறி அண்ணன் வாசலில் நின்று, எம்பொண்ணு பொய் சொல்லிட்டாண்ணே என்று சொல்லவேண்டி வரும். அந்தக் காட்சி தமிழ்மொழிக்குப் பல் விளக்கும்போதும் வந்தது, பஸ்ஸிலும் வந்தது, ஜவுளிக்கடையில் பில் போடும்போதும் வந்தது. 

ரெண்டாவது பரீட்சையைச் சேலத்துச் சென்டரில் பதிவு செய்தாள். பாஸான பொண்ணு வீட்டில் உட்கார்ந்து மறுபடி எப்படி எழுதுவாள்? முதலில் வாயை அடக்கணும். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு படிப்பது. உதடு அசைந்தால் தண்ணீர் ஒழுகி மடியை நனைக்கும். முதல் வாரம் தினமும் ரெண்டு சுடிதார் நனைந்தது. ரங்கம்மாள் பார்த்துவிட்டு, "இன்னாடி, பல்லு வலியா?" என்றாள். அதற்கும் தலை ஆடியது. பாவம், அவள் கிராம்பு வாங்கிவந்து கடைவாயில் வைத்துவிட்டாள்.

எண்ணுவதற்குக் கால் இருந்தது. கால்விரலை ஒவ்வொன்றாகத் தரையில் அழுத்தி எண்ணிப் பழகினாள். இருநூற்று ஐம்பத்தாறு விலாசம் உள்ள ஒரு நெட்வொர்க்கை எட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் முப்பத்திரண்டு விலாசம். அதில் முதலும் கடைசியும் யாருக்கும் கொடுக்கக்கூடாது, வரப்புக்கு விட்ட இடம் மாதிரி. மிச்சம் முப்பது. இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வாய் இல்லாமலே மண்டையில் ஏறியது. ஏறினதெல்லாம் நிற்குமா என்கிற பயமும் கூடவே ஏறியது.

பரீட்சைக்கு முந்தின நாள், "நாளைக்கிச் சேலம் போறம்மா, வேலைக்கிக் காயிதம் குடுக்கணும்" என்று சொன்னாள்.

"நானும் வர்றன்" என்றாள் ரங்கம்மாள்.

"நீ எதுக்கும்மா?"

"எம்பொண்ணு வேல செய்யப் போற எடத்த நான் ஒரு கண்ணு பாக்க வாணாமா? உங்கப்பன் இருந்தா வரமாட்டானா?"

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் ரங்கம்மாள் நல்ல புடவை கட்டி, எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொண்டு தயாராகிவிட்டாள். சின்னசேலத்தில் பஸ் ஏறினார்கள். ஆத்தூர், வாழப்பாடி தாண்டுகிற வரைக்கும் தமிழ்மொழி பையில் இருந்த குறிப்பு நோட்டைத் தொடவே முடியவில்லை. பக்கத்தில் அம்மா உட்கார்ந்து, "கம்பெனில சோறு போடுவாங்களா, இல்ல கட்டிக்கினு போவணுமா?" என்று கேட்டுக்கினே வந்தாள். மகளுக்குப் படித்தது ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாக இறங்கிப்போவது மாதிரி இருந்தது.

நாலு மாடிக் கட்டடம். சென்டர் மூணாவது மாடி. கீழே வாட்ச்மேன் பக்கத்தில் ஒரு பெஞ்ச்.

"இங்கயே குந்தினு இரும்மா. ரெண்டு மணி நேரம் ஆவும்."

"காயிதம் குடுக்க ரெண்டு மணி நேரமா?"

"கேள்வி கேப்பாங்க" என்றாள். நாற்பது நாளில் அவள் அம்மாவிடம் சொன்ன ஒரே நிஜம் அதுதான்.

மேலே, எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாளா என்று காதைத் திருப்பிப் பார்த்தார்கள், சட்டைக் கையை மடிக்கச் சொன்னார்கள், தலைக் கிளிப்பைக் கழற்றச் சொன்னார்கள். உட்காரவைத்த இடத்துக்கு நேர் மேலே கேமரா. முதல் கேள்வி ஸ்கிரீனில் வந்தது. தெரியவில்லை. ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.  அம்மா மலையேறுகிற காட்சி வந்தது, கையில் அதே பழத்தட்டோடு. உதடு துடித்தது. தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொண்டு வாயை இறுக்கினாள். ரெண்டாந்தரம் படித்தாள், மூணாந்தரம் படித்தாள். மூணாந்தரத்தில், அட இது நமக்குத் தெரிந்ததாச்சே என்று புலப்பட்டது. பட்டனை அழுத்தினாள்.

அப்புறம் ஓடியது. செருப்புக்குள் விரல் ஒவ்வொன்றாக அழுந்தியது. நடுவில் ஆறேழு கேள்வி தொடர்ந்து தெரியாததாகவே வந்தபோது எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடினால் கீழே அம்மா உட்கார்ந்திருக்கிறாள், எங்கே ஓடுவது? கடைசிக் கேள்விக்குப் பதில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். திறக்கவே பயம். பக்கத்து இடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தின சத்தத்தில் தானாகத் திறந்துகொண்டது.

பாஸ். எழுநூற்று இருபத்தெட்டு.

சென்டர் வாசல் மேசையில் இருந்த பெண் ரிசல்ட் காகிதத்தை அச்செடுத்து, முத்திரை குத்திக் கொடுத்தாள். தமிழ்மொழி அதை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் அழுதாள். நல்ல அழுகை. தப்பிச்சோம்டா சாமி என்கிற அழுகை. இனி யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை. மாமாவிடம் அம்மா சொன்னது நிஜமாகிவிட்டது, தெருவில் சொன்னது நிஜமாகிவிட்டது, கொஞ்சம் தாமதமாக நிஜமாகிவிட்டது, அவ்வளவுதானே. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

ரங்கம்மாள் பெஞ்சில் அதே இடத்தில் இருந்தாள். சோற்று டப்பாவை அவிழ்க்கவே இல்லை.

"பரீச்ச முடிஞ்சிதா?" என்றாள்.

தமிழ்மொழி காகிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"எம்பொண்ணு மூணாவது மாடி கம்பெனிக்கி வந்துகீதுன்னு இந்த வாட்ச்மேன் அய்யாகிட்ட சொன்னன். அங்க கம்பெனி ஏதும்மா, வர்றவங்க பூரா பரீச்ச எழுத வர்றவங்கதான்னாரு. தவறிட்டா மறுக்கா எழுதறவங்களும் வருவாங்களாம்." குரலில் கோபம் இல்லை. அதுதான் மகளுக்கு அதிகப் பயமாக இருந்தது. "அன்னிக்கி தவறிட்டியா?"

"ஆமாம்மா."

"எங்கண்ணன் பூ பழத்தோட வந்து நின்னப்பவும் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்மா." அதற்கு மேல் தாங்கவில்லை. "ஆனா இன்னிக்கி பாஸாயிட்டம்மா. சத்தியமா பாஸாயிட்டன். இந்தா பாரு."

காகிதத்தை நீட்டினாள். ரங்கம்மாள் வாங்கினாள். மேலும் கீழுமாக ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். வீட்டு வாசலில் நின்று பார்த்த மாதிரியே ரொம்ப நேரம் பார்த்தாள். தமிழ்மொழி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ரங்கம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, கேட்டுப் பக்கம் நின்ற வாட்ச்மேனிடம் போய்க் காகிதத்தை ரெண்டு கையாலும் நீட்டினாள்.

"அய்யா, இதுல இன்னா எழுதிகீதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. பாஸாயிட்டன்னு எம்பொண்ணு சொல்லுது."